மஞ்சளில் முறுக்கிய நீல வயர்

“மச்சான், இந்தப் பாட்டுல புல்லாங்குழல் இருக்கா?”

மாப்பிள்ளை கேட்டார். என் தங்கையின் கணவர். செனாய் ஊரில் அவர்கள் வீட்டுக் கார் போர்ச்சில், கதவு நான்கும் திறந்து கிடக்க, ஓட்டுனர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருந்தன. நான் பக்கத்து இருக்கைக்குக் கீழே தலையை விட்டுப் படுத்திருந்தேன். எழுந்து பார்த்தேன். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது பழைய பாட்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேட்கிறார். நூறு தடவையாவது என் எதிரில் பாடியிருப்பார், சுதி தப்பித்தான். அதில் புல்லாங்குழல் வருவது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன். அவர் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்யப் பாட்டை நிறுத்த வேண்டும். நிறுத்த மனசு வரவில்லை. நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் என் தங்கை சுமந்தது, நான் சுமக்க வேண்டியது.

நான் ஜொகூர் பாருவில் கார் சாமான் கடையில் வேலை செய்கிறேன். ரேடியோ, அலாரம், கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், எல்லாம் பொருத்துவோம். பள்ளிக்கூடத்தை மூன்றாம் படிவத்தோடு விட்டதிலிருந்து இதே வேலைதான். வேறு தெரியாது. இதைச் சரியாகச் செய்வேன் என்று பெயர். மாப்பிள்ளைக்கும் அதனால்தான் என்மேல் நம்பிக்கை. வேறு கடைக்குப் போயிருந்தால் ரசீது கொடுத்திருப்பார்கள், ஒரு வேளை ஒழுங்காகவும் செய்திருப்பார்கள். அவர் போகவில்லை. “வீட்லயே ஆள வெச்சுக்கிட்டு வெளிய போவனா?” என்றார்.

அவர் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரத்தில் பன்னிரண்டு வருஷம் நின்றவர். காதில் அடைக்கப் பஞ்சு மாதிரி ஒன்று கொடுப்பார்களாம். வேர்க்குதென்று கழற்றி வைத்துவிடுவார். இடது காது போய்விட்டது. வலது காது பாதி. அதனால் கத்தித்தான் பேசுவார். அவர்கள் குடியிருப்பான தாமானில் அவர் காலையில் மனைவியிடம் காப்பி கேட்டால் மூன்றாவது வீட்டில் தண்ணீர் கொதிக்கும் என்று நான் கேலி செய்வேன். கோபம் வராது. பாட்டு என்றால் உயிர். பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஆள், நாற்பது வயதுக்கு மேல் முதல் கார் வாங்கினார். புதுக் கார். வாங்கியதும் அவருக்கு ஒரு வருத்தம் வந்தது. நம் ஊரில் ஓட்டுனர் வலது பக்கம் உட்கார வேண்டும். அவருடைய நல்ல காது கண்ணாடிப் பக்கம். ரேடியோ இருப்பது கெட்ட காதுப் பக்கம். ரோட்டுச் சத்தம்தான் கேட்கும், பாட்டு கேட்காது. சத்தத்தைக் கூட்டுவார். காரோடு வந்த சின்ன ஸ்பீக்கர் நொறுங்குகிற மாதிரி அலறும். தங்கை பின் சீட்டில் காதைப் பொத்திக்கொண்டு வருவாள்.

“ஆம்ப் போட்டுக் குடுங்க மச்சான்,” என்றார். பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை அப்படித்தான் சொல்வோம்.

“ஒங்க காதுக்குத்தான் ஆம்ப் வெக்கணும் மாப்ள. காருக்கு இல்ல.”

“காதுக்கு வெச்சா ஒங்க தங்கச்சி பேசறதும் கேக்கும் லா. அது வேணாம்.”

தங்கை அடுப்படியிலிருந்து, “கேக்குது, கேக்குது,” என்றாள்.

காரோடு வந்த ரேடியோவை மாற்றக் கூடாது, அதன் வயரில் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெட்டினால் வாரண்டி போய்விடும் என்ற பயம். அப்படிப்பட்ட ரேடியோவில் ஆம்ப் சேர்ப்பது கொஞ்சம் சுற்று வேலை. வெளியில் வாங்கும் ரேடியோவில் ஆம்புக்கென்று பின்னால் தனி ஓட்டை இருக்கும். காரோடு வருவதில் இருக்காது. ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே சத்தத்தை எடுக்க வேண்டும். அது ஆம்புக்கு அதிகம். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்து அதைக் குறைக்க வேண்டும். ரேடியோவுக்கும் காருக்கும் இடையில் ஒரு சாக்கெட்டைச் சொருகி, அந்தச் சாக்கெட்டின் வயரில்தான் எல்லாம் கட்டுவோம். காரின் வயரைத் தொட வேண்டாம். அதில் மூன்று வயர் முக்கியம். கறுப்பு, பூமி, அதாவது எர்த். மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும். ஆம்பிலிருந்து மெல்லிய நீல வயர் ஒன்று வரும். அதில் மின்சாரம் பட்டால் ஆம்ப் விழிக்கும். இல்லாவிட்டால் தூங்கும். ஆகவே நீலத்தைச் சிவப்போடு கட்ட வேண்டும். சாவியை எடுத்தால் ஆம்பும் தூங்கிவிடும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. என் விடுமுறை நாள். காலையிலேயே போய்விட்டேன். மற்ற வேலை எல்லாம் கவனமாகச் செய்தேன். பக்கத்து இருக்கைக்குக் கீழே ஆம்ப். பேட்டரியிலிருந்து தடித்த வயர். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் வயர் உரசாமல் ரப்பர் வளையம். பூமி வயருக்கு இருக்கைக்குக் கீழே பெயிண்டைச் சுரண்டி, தகடு பளபளவென்று தெரிந்த பிறகுதான் போல்ட்டை இறுக்கினேன். மாப்பிள்ளை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நான் கேட்காத சாமானை எல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தடித்த வயரில் ஒரு தப்பும் இல்லை. எல்லாவற்றிலும் மெலிந்த வயரில் விட்டேன்.

கடையில் ஒரு பழக்கம் உண்டு. கார்ச் சாவி எல்லாம் முதலாளி தவுக்கேயின் மேசைக்குப் பின்னால் பலகையில் தொங்கும். ஆம்பை வைத்ததும், மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க அவரிடம் சாவி கேட்டுப் போவதில்லை. நீலத்தைச் சும்மா மஞ்சளில் முறுக்குவோம். ஆம்பில் பச்சை விளக்கு எரியும். சரி என்று தெரியும். பிறகு ரேடியோவைச் சொருகிச் சாவி வாங்கிப் பாட்டுப் போட்டு, சத்தத்தைச் சரி பண்ணி, கடைசியில் நீலத்தை மஞ்சளிலிருந்து பிரித்துச் சிவப்பில் கட்டி, டேப் சுற்றி, ரேடியோவைச் சுற்றியுள்ள பலகையை மூடுவோம். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டில் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கை பழக்கத்துக்கு மஞ்சளில் முறுக்கியது.

பிறகுதான் பாட்டு. பிறகுதான் புல்லாங்குழல். அவர் அந்தப் பாட்டை நான்கு தடவை கேட்டார். நல்ல காதைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி. நான் ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடி நின்றேன். தங்கை வந்து வாசலில் நின்றாள். சாப்பிட வரச் சொல்லத்தான் வந்தாள். அவரைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். நான்காவது தடவை முடிவதற்குள் ரேடியோவைச் சுற்றிய பலகையை மெதுவாக அழுத்தினேன். டக் டக்கென்று உட்கார்ந்தது. சாப்பிட்ட பிறகு மாற்றலாம் என்று நினைத்து மூடினேனா, மாற்றிவிட்டதாக நினைத்து மூடினேனா, இன்றுவரை தெரியவில்லை. நினைவில் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. எத்தனையோ தடவை போய்ப் பார்த்துவிட்டேன். பாட்டு கேட்கிறது, கையைக் காணோம்.

மறுநாள் மதியம் அவர் கடைசிச் சாமான் எல்லாம் வாங்கி வந்து காரைப் போர்ச்சில் நிறுத்தினார். அன்று சாயங்காலம் தங்கை பின் கதவைத் திறந்து பலகாரத் தகரங்களை எடுத்தாள். பெருநாள் அன்று வீடு நிறைய ஆட்கள். மறுநாளும் ஆட்கள். காரை யாரும் தொடவில்லை. நான் பெருநாள் அன்று காலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, என் மனைவி வீட்டுக்குப் பாலோவுக்குப் போய்விட்டேன். அவர் காரைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போனேன், வந்தேன். இருக்கைக்குக் கீழே அந்தப் பச்சை விளக்கு அப்போது எரிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேட்டி கட்டியிருந்தேன். குனியவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். பாலோவில் பசியாறிக்கொண்டிருந்தேன். தங்கை போன் பண்ணினாள்.

“அண்ணே, கார் ஸ்டார்ட் ஆவ மாட்டுது.”

“என்னா சத்தம் வருது?”

“ஒரு சத்தமும் இல்ல. சாவியத் திருப்பினா ஒன்னுமே இல்ல. அவருக்கு நெஞ்சு வலிக்குதுண்ணே. வேர்த்து ஊத்துது. அவரேதான் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாரு.”

நான் கேட்டேன். கடையில் தினமும் கேட்கிற கேள்வி. வண்டி நின்றுவிட்டது என்று யார் போன் பண்ணினாலும் வாய் தன்னால் கேட்கும்.

“லைட்டு கிட்டு போட்டு வுட்டியா?”

பின்னால் அவர் முனகுவது கேட்டது. பிறகு சொன்னாள். “அன்னிக்குப் பின்னாலேர்ந்து தகரம் எடுத்தேன்ணே. கதவ ஒழுங்கா சாத்தினனான்னு தெரியலியே. உள்ள லைட்டு எரிஞ்சிருக்குமா?”

“சரி வுடு. ஆம்புலன்ஸ் கூப்புடு. பக்கத்து வீட்ல கேளு.”

அந்த வரிசையில் பாதி வீடு பூட்டியிருந்தது. பள்ளி விடுமுறை, எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாதான் இருந்தார். அவர் தன் மருமகனுக்குப் போன் பண்ணினார். ஆம்புலன்சும் மருமகனின் காரும் ஒரே நேரத்தில்தான் தெருவுக்குள் வந்தன என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் மாப்பிள்ளை அந்த ஓட்டுனர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் இரண்டு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தாராம். அவர்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி கால் மணி நேரம். தங்கைக்கு ஓட்டத் தெரியாது, ஆனால் அவர் வலி தொடங்கியதுமே நானே ஓட்டிவிடுவேன் என்று எழுந்து வந்தவர். கார் கிளம்பியிருந்தால் போயிருப்பார். பாதியில் ஏதாவது ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம். அதை யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் எங்களால் முயற்சி செய்ய முடிந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். நல்ல விதமாகத்தான் சொன்னார். தங்கை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் பாலோவிலிருந்து போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “கதவு சாத்தலண்ணே.”

அவரை எடுத்துப் போட்ட மறுநாள், வாசலில் போட்ட கூடாரத்தைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். போர்ச்சிலிருந்து காரை எடுத்தால்தான் கம்பியைப் பிடுங்க முடியும் என்றார்கள். என் காரை எதிரில் கொண்டுவந்து நிறுத்திப் பேட்டரிக்குப் பேட்டரி வயர் போட்டேன். சிவப்புக் கவ்வி, கறுப்புக் கவ்வி. சாவி வீட்டுக்குள் கொக்கியில் தொங்கியது. அதை எடுக்கப் போகும்போது திறந்திருந்த கார்க் கதவு வழியாகக் கண் உள்ளே போனது. காரில் சாவி இல்லை. பக்கத்து இருக்கைக்குக் கீழே பச்சையாக வெளிச்சம்.

கூடாரக்காரன் மலாயில் ஏதோ கேட்டான். உள்ளே உட்கார்ந்து பலகையைப் பிடுங்கினேன். நீலம் மஞ்சளில் முறுக்கியபடி இருந்தது. மூன்று சுற்று, நுனியை மடக்கி ஓர் அழுத்து. என் முறுக்கு. வேறு யாரும் அப்படி மடக்க மாட்டார்கள். தலைக்கு மேல் உள்விளக்கின் சுவிட்சைப் பார்த்தேன். முழுக்க அணைத்து வைத்திருந்தது. கதவைத் திறந்தால்கூட எரியாது. மாப்பிள்ளைக்கு அந்த விளக்கு கண்ணில் குத்தும், எப்போதும் அணைத்தேதான் வைத்திருப்பார். அதாவது அவள் கதவைச் சாத்தாமலே விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தேன் என்று சொல்ல வழியில்லை.

நீலத்தைப் பிரித்தேன். சிவப்பில் கட்டினேன். டேப் சுற்றினேன். பலகையை அழுத்தினேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நிமிர்ந்தபோது தங்கை வாசலில் நின்றிருந்தாள். முகம் கழுவாமல், முடி கலைந்து.

“என்னாண்ணே?”

“பேட்டரிதான். எறங்கிப் போச்சு.”

“நான்தானே, லைட்டு.”

அங்கே சொல்லியிருக்க வேண்டும். கூடாரக்காரர்கள் நின்றார்கள், சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பது எல்லாம் சாக்கு. வாய் வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் வேறொன்று வெளியே போனது.

“அது யாருக்கும் நடக்கும்மா,” என்றேன்.

ஆறுதலுக்குச் சொன்ன மாதிரிதான் இருக்கும். நான் சும்மா இருந்திருந்தால் அவளுக்கு ஒரு சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். கார் வேலை தெரிந்த அண்ணன் பார்த்துவிட்டு, ஆமாம், யாருக்கும் நடக்கும் என்று சொன்ன பிறகு அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தக் காரிலிருந்து இறங்கினாலும் கதவைச் சாத்துவாள், ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள், பிறகு இரண்டு கையையும் முகத்துக்கு இரு பக்கமும் வைத்துக் கண்ணாடியோடு ஒட்டி உள்ளே பார்ப்பாள். விளக்கு எரிகிறதா என்று. என் கார், வாடகைக் கார், கோயிலில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவர் கார், எல்லாவற்றையும். கார்க்காரர்கள் முறைப்பார்கள். திருடி என்று நினைத்து ஒருத்தன் கத்தியும் இருக்கிறான். அவள் பார்த்து முடிக்காமல் நகர மாட்டாள். அவளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் என் கார்க் கண்ணாடியில் இரண்டு கை அச்சு இருக்கும். நடுவில் மூச்சுப் பட்ட மங்கல். துணியால் துடைப்பேன். அடுத்த முறை மறுபடி இருக்கும். ஒன்பது வருஷத்தில் எத்தனை தடவை துடைத்தேன் என்று தெரியாது.

மாப்பிள்ளையின் காரை அவள் விற்கவில்லை. ஓட்டவும் ஆள் இல்லை. போர்ச்சிலேயே நின்றது. நான் வாரம் ஒரு நாள் போய் ஸ்டார்ட் பண்ணி, தாமானை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துவேன். ரேடியோவைத் தொட மாட்டேன். தங்கை பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைத்தாள். நான் என்னால் ஆனதைச் செய்தேன். ஊரில் எல்லாரும், இந்த மாதிரி அண்ணன் கிடைக்கணும் என்றார்கள். அவளும் சொல்வாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னால் நான் கை கழுவ எழுந்துவிடுவேன்.

கடையில் நான் நீலத்தை மஞ்சளில் முறுக்குவதை அன்றோடு விட்டேன். தவுக்கேயிடம் போய்ச் சாவி வாங்குவேன், எத்தனை தடவை ஆனாலும். வேலை முடிந்து சாவியை எடுத்த பிறகு இருக்கைக்குக் கீழே குனிந்து, விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்ப்பேன். எழுந்து, நடந்து, திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன். “ஆடா ஹந்து கா?” என்று தவுக்கே மலாயில் கிண்டல் பண்ணுவார். பேய் இருக்கிறதா என்று கேட்கிறார். நான் சிரித்து வைப்பேன். சில நாள், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் சின்ன விளக்கைப் பார்த்தாலே எழுந்து போய்ச் சுவிட்சை அடைப்பேன். என் மனைவி கேட்டு அலுத்துவிட்டாள்.

போன வருஷம் அவர்கள் மகளுக்கு இருபத்தொரு வயது. ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அப்பா கார் வேண்டும் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் காரை ஸ்டார்ட் பண்ணப் போயிருந்தபோது அடுப்படியில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

“கார் சும்மாதானம்மா கெடக்குது.”

“கெடக்கட்டும்.”

“மாமா வாராவாரம் வந்து ஸ்டார்ட் பண்றாரு. யாருக்கு?”

“ஒனக்குக் காரு வேணாம். பஸ்ல போ. நீ பராக்குப் பாத்துக்கிட்டு லைட்ட போட்டு வுடுவ, கதவ சாத்த மாட்ட. எங்கயாச்சும் நின்னுருவ.”

“நான் சாத்துவேம்மா. நீதான் சாத்தல.”

குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் அடைக்கவில்லை. நான் கூடத்தில் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். அது அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லித் தெரிந்தது? அம்மாதான் சொல்லியிருப்பாள், தன் வாயாலேயே, அழுதுகொண்டே எப்போதாவது. அம்மாவுக்குச் சொன்னது யார்? நான். போனில் ஒரு தடவை, போர்ச்சில் ஒரு தடவை. இப்போது மூன்றாவது ஆளுக்கும் போய்விட்டது. இனி அந்தப் பெண் தன் பிள்ளைக்கும் சொல்வாள். பாட்டிதான் கதவைச் சாத்தவில்லை என்று.

“கொஞ்சம் வெளிய வாம்மா,” என்று தங்கையைக் கூப்பிட்டேன்.

எனக்குப் பேச வராது. போர்ச்சுக்குப் போகிற வழியில் என்ன சொல்வது என்று யோசித்தேன், ஒன்றும் சேரவில்லை. அவளை ஓட்டுனர் இருக்கையில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. சரி என்று கதவருகில் நிறுத்தினேன். பலகையைப் பிடுங்கினேன். சிவப்பில் இருந்த டேப்பை உரித்து, நீலத்தைப் பிரித்தேன். மஞ்சளில் முறுக்கினேன். மூன்று சுற்று, மடக்கி ஓர் அழுத்து. கை பழக்கமாகச் செய்து முடித்தது. அது எனக்கே பிடிக்கவில்லை. எழுந்து வந்து கார்ச் சாவியை அவள் கையில் வைத்து மூடினேன்.

“சாவி ஒங்கிட்ட இருக்கு. இப்ப சீட்டுக்குக் கீழ பாரு.”

குனிந்து பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

“என்னாண்ணே இது?”

“அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு. நான் மாத்த மறந்துட்டேன். மூணு நாளு இது எரிஞ்சிருக்கு. இதுதான் பேட்டரிய எறக்கிருச்சு. நீ இல்ல. மேல லைட்டு சுவிட்சப் பாரு, மாப்ள அத அணைச்சே வெச்சிருப்பாரு. நீ கதவத் தொறந்தே வுட்டிருந்தாலும் எரியாது.”

அவள் கையை நீட்டி அந்தச் சுவிட்சைத் தொட்டாள். ஒரு பக்கம் தள்ளினாள், விளக்கு வந்தது. மறுபக்கம் தள்ளினாள், போனது. பிறகு கதவைச் சாத்தித் திறந்தாள். விளக்கு வரவில்லை. மறுபடி சாத்தித் திறந்தாள். எத்தனை தடவை செய்தாள் என்று நான் எண்ணவில்லை. வெயில் அவள் முதுகில் அடித்தது.

“போன்ல கேட்டியே.”

“கேட்டேன்.”

“தெரிஞ்சா கேட்ட?”

“அப்பத் தெரியாது. கூடாரம் பிரிச்ச அன்னிக்குத் தெரிஞ்சிச்சு.”

“அன்னிக்கே.”

“அன்னிக்கே.”

“யாருக்கும் நடக்கும்னு சொன்ன.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றும் நினைத்தேன், அடித்தால் தேவலை என்று இருந்தது. அவள் திரும்பி வீட்டுக்குள் பார்த்து மகளைக் கூப்பிட்டாள். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. மகள் வந்து வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

“இங்க வா. மாமா ஒன்னு சொல்றாரு, கேளு.”

மறுபடி சொன்னேன். முதல் தடவையை விட இது கஷ்டமாக இருந்தது. சின்ன வயதில் அந்தப் பெண்ணைத் தோளில் வைத்து முருகன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். சொல்லி முடிக்கும்வரை என்னைப் பார்த்தாள். முடித்த பிறகு பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

“அம்மா, நான்...”

“சும்மா இரு.”

அப்போது நான், போகிறேன் என்று சொல்லாமல், என் சாமான் பையைத் தேடினேன். தங்கை சாவியை என்னிடம் நீட்டினாள்.

“வயர மாத்திட்டுப் போ. நாளைக்கு அவ எடுத்துட்டுப் போவட்டும்.”

மாத்திட்டுப் போண்ணே என்று சொல்லவில்லை. போ என்று நிறுத்திவிட்டாள். நான் உள்ளே குனிந்து நீலத்தைச் சிவப்பில் கட்டினேன். சாவியைப் போட்டுத் திருப்பிச் சரி பார்த்தேன். எடுத்தேன். பச்சை விளக்கு அணைந்தது. அவள் என் பக்கத்தில் குனிந்து, தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தாள். என் வேலையை முதல் தடவையாகச் சரி பார்க்கிறாள். பார்க்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு அவள் போன் பண்ணவில்லை. இந்தத் தீபாவளிக்கும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கு என் மனைவி ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அவளிடமும் இப்போது எல்லாம் சொல்லிவிட்டேன். மறுநாள், “அவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்,” என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதானே இருக்கிறது சொல்ல. நெஞ்சில் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. அந்த நாற்பது நிமிஷம் அப்படியேதான் இருக்கிறது. அவர் உட்கார்ந்திருக்கிறார், சாவியைத் திருப்புகிறார், ஒரு சத்தமும் இல்லை. பாதிக் காதுக்காரர், தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடி திருப்பியிருப்பார்.

போன மாதம் ஒரு வேலையாகச் செனாய்ப் பக்கம் போனேன். கடைத் தெருவில் ரோட்டைக் கடக்க நின்றபோது எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. மகள் ஓட்டினாள். தங்கை முன் சீட்டிலிருந்து கூடையோடு இறங்கினாள். முதுகால் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்த மகளிடம் ஏதோ சொல்லிக் கையை வீசிவிட்டு, காய்கறிக் கடைப் பக்கம் நடந்தாள். கண்ணாடியில் கை வைத்து உள்ளே பார்க்க அவள் திரும்புவதற்குக் காத்திருந்தேன். திரும்பவில்லை. கத்தரிக்காய் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வண்டிகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை.